உபயம் என்று நினைத்த கற்கள்

என் மகளுக்கு மொட்டை எடுப்பதற்கு முன்னால் நான் ஒரு வாக்கியம் சொல்ல வேண்டியிருந்தது. "தெரியாமல் செய்துவிட்டேன், மன்னித்துக்கொள்." இவ்வளவுதான். குலசாமி முன்னால், பங்காளிகள் எல்லாரும் நிற்கும்போது, விழுந்து எழுந்து சொல்ல வேண்டும். சொன்னால் பெரிய மாமா முதல் தண்ணீரைக் குழந்தையின் தலையில் தெளிப்பார். என் தம்பி அவளை மடியில் வைத்துக்கொள்வான். முடி இறங்கும். சொல்லாவிட்டால் பெரிய மாமா எழுந்து போய்விடுவார். அவர் என் மாமனாரின் அண்ணன். மாமனார் இறந்த பிறகு எங்கள் வீட்டுக் காரியங்களுக்கெல்லாம் முன்னால் நிற்பவர். அவர் நிற்காத காரியம் காரியமே இல்லை என்பது பாப்பாரப்பட்டிப் பக்கம் எங்கள் ஊரில் யாரும் சொல்லிக்கொடுக்காமலே எல்லாருக்கும் தெரியும்.

நான் சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை என்று கேட்டவர்கள் எல்லாம் பதிலையும் அவர்களே சொல்லிவிட்டார்கள். படித்த திமிர், வெளிநாடு போய்வந்த திமிர், அம்மா வீடு கொடுக்கிற திமிர். என் பதிலை யாரும் கேட்டு முடிக்கவில்லை. அதனால் எழுதுகிறேன்.

மொட்டை தள்ளிப்போனதற்குக் காரணம் நானில்லை. முதல் வருடத்தில் எடுத்திருக்க வேண்டியது, மாமனாரின் சாவால் நின்றுபோனது. இரண்டில் எடுக்கக்கூடாது, மூன்றாம் வயதில்தான் என்றார்கள். எங்கள் வழக்கத்தில் குழந்தையின் முதல் முடி குலசாமிக்கு உரியது. அது இறங்கும் வரை தலையில் கத்தரிக்கோல் படக்கூடாது. வேறு எந்தச் சாமியின் வாசலையும் குழந்தை மிதிக்கக்கூடாது. என் அம்மா வீட்டார் வேன் வைத்துத் தீர்த்தமலைக்குப் போனபோது எல்லாரும் மலையேறிக் குளித்துக் கும்பிட்டு வரும் வரை நான் குழந்தையோடு அடிவாரத்தில் வேனுக்குள்ளேயே உட்கார்ந்திருந்தேன். அப்படிக் கீழ்ப்படிந்தவள். வழக்கத்தை மதிக்காதவள் என்று இன்று என்னைச் சொல்கிறவர்களுக்கு அந்த வேன் ஞாபகத்துக்கு வருவதில்லை.

இதற்கிடையில்தான் ஜெர்மனி வந்தது. என் கணவர் ஓசூரில் வண்டிகளுக்கு உதிரிபாகம் செய்யும் கம்பெனி ஒன்றில் இஞ்சினியர். புதிய இயந்திரத்தைப் பழகிவர அவரைச் சில மாதங்களுக்கு அனுப்பினார்கள். குடும்பத்தையும் கூட்டிப்போகலாம் என்றார்கள். குழந்தைக்கு அப்போது ஒன்றரை வயது. போய் இறங்கிய இடம் நகரமில்லை. ஒரு தொழிற்சாலை, நாலைந்து தெரு, அதைத் தாண்டினால் மக்காச்சோளக் காடு. மாடியில் எங்களுக்கு ஒரு வீடு. குழந்தை ஓடினால் கீழ் வீட்டுக்காரர் கம்பால் கூரையைத் தட்டுவார். அவர் தட்டிவிடுவாரோ என்று நான் அவளை ஓடவிடாமல் மடியிலேயே வைத்திருப்பேன். மடியில் வைத்திருந்தால் அவள் அழுவாள். அழுதால் அவர் தட்டுவார்.

அதைவிடப் பெரிய கஷ்டம், குழந்தை சாப்பிடவில்லை. கிளம்புவதற்கு முன்பே தருமபுரியில் பார்த்த டாக்டர், வயதுக்கு ஏற்ற எடை இல்லை என்று சொல்லியிருந்தார். அங்கே போனதும் வாயைத் திறக்கவே மறுத்தாள். நான் ஊரிலிருந்து ராகி மாவு கொண்டுபோயிருந்தேன். கூழாகக் காய்ச்சினேன், களியாகக் கிண்டினேன், வெல்லம் போட்டேன், மோர் விட்டேன். எல்லாம் சுவரில் போய் ஒட்டியது. ஒரு நாள் விட்டு ஒரு நாள், பெட்டியின் எடை பார்க்கும் கைத்தராசில் துணிப்பையை மாட்டி அதற்குள் அவளை உட்காரவைத்து எடை பார்ப்பேன். என் கை நடுங்குவதால் முள் ஆடும். ஆடுகிற முள்ளில் கூடுதலாகக் காட்டியதா குறைவாகக் காட்டியதா என்று நாள் முழுக்க யோசிப்பேன்.

சாயந்தரமானால் அத்தை வீடியோவில் வருவார். அத்தை என்றால் என் மாமியார். அவர் திரையில் முகத்தை வைத்ததும் முதலில் குழந்தையின் கன்னத்தைத்தான் பார்ப்பார்.

"என்னா இது, புள்ள இப்பிடி எளச்சிப் போச்சு? வாயில ஊட்றியா, இல்ல வச்சிட்டு வேடிக்க பாக்கறியா?"

ஊட்டுகிறேன் அத்தை என்பேன். எனக்கே அது பொய் போல இருக்கும்.

ஊர் முடிகிற இடத்தில் தாழ்வான ஒரு மதில் இருந்தது. அதற்குள் ஒரு சின்ன சர்ச். வெள்ளைச் சுவர், ஓட்டுக்கூரை, மேலே மெலிந்த ஒரு கோபுரம். அதைச் சுற்றிலும் பூப்பாத்திகள். ஒவ்வொரு பாத்தியையும் அளவெடுத்துக் கட்டியிருந்தார்கள். ஒன்றில் ஊதாப்பூ, ஒன்றில் மஞ்சள், ஒன்றில் சின்னச் சின்ன இலைச்செடி. ஒரு குழாய், அதன் பக்கத்தில் கொக்கிகளில் தொங்கும் பூவாளிகள். யார் வேண்டுமானாலும் எடுத்துத் தண்ணீர் ஊற்றலாம் போலிருந்தது. ஒவ்வொரு பாத்தியின் தலைப்பிலும் பளபளப்பான ஒரு கல், அதில் பெயர்.

அது உபயம் என்று நினைத்தேன்.

சிரிக்கலாம். ஆனால் எங்கள் குலசாமி கோவிலில் டியூப் லைட்டைப் போட்டால் வெளிச்சத்துக்கு முன்னால் உபயதாரர் பெயர்தான் தெரியும். மின்விசிறியின் இறக்கையில் பெயர், அண்டாவின் விளிம்பில் பெயர், குடிநீர்த் தொட்டியில் அப்பா பெயர், அப்பாவின் அப்பா பெயர். கல்லில் பெயரைப் பார்த்தால் என் புத்தி வேறெங்கே போகும்? இரண்டு பெயர் இருந்த கற்களைக் கணவனும் மனைவியுமாகச் செய்த உபயம் என்று வைத்துக்கொண்டேன். பெயருக்குக் கீழே இரண்டு வருடங்கள் இருந்தன. எம்.எஸ்ஸி. படித்தவளுக்கு அங்கேயாவது உறைத்திருக்க வேண்டும். எந்த வருடத்திலிருந்து எந்த வருடம் வரை அந்தப் பாத்தியைப் பார்த்துக்கொண்டார்கள் என்று போட்டிருக்கிறார்கள், என்ன ஒழுங்கான ஜனங்கள் என்று மெச்சிக்கொண்டேன். சில கற்களில் சிலுவை இருந்தது. சர்ச் தோட்டத்தில் சிலுவை இல்லாமல் என்ன இருக்கும்? எங்கள் ஊரிலும் கிறிஸ்தவர்கள் இருக்கிறார்கள், அவர்கள் கல்லறை எனக்குத் தெரியும். எருக்கும் முள்ளும் மண்டிக் கிடக்கும், வருடத்துக்கு ஒருமுறை சுண்ணாம்பு காணும். தினமும் தண்ணீர் ஊற்றுகிற இடம் கல்லறையாக இருக்கும் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

குழந்தை தள்ளுவண்டியிலிருந்து இறங்கினாள், ஓடினாள். தட்டுவதற்கு அங்கே கூரை இல்லை. சின்னப் பூவாளி ஒன்றை எடுத்துக்கொண்டு வந்தாள். பாதித் தண்ணீரைத் தன் காலில் ஊற்றிக்கொண்டு சிரித்தாள். அந்த ஊருக்கு வந்த பிறகு அவள் வாய்விட்டுச் சிரித்தது அன்றுதான். நான் கையோடு கொண்டுபோயிருந்த கூழை நீட்டினேன். நாலு வாய் வாங்கிக்கொண்டாள். எனக்கு அழுகை வந்துவிட்டது. அவளைப் பூக்களுக்கு நடுவே நிறுத்திப் படம் எடுத்து, "பூங்காவில் பாப்பா" என்று குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டேன்.

சித்திகளும் அத்தைகளும் இதயமாக அனுப்பினார்கள். அப்புறம் என் நாத்தனாரின் மகள், நர்சிங் படிக்கிறவள், படத்தைப் பெரிதாக்கிப் பார்த்திருக்கிறாள். "அத்தை, அது சர்ச் கல்லறைங்க" என்று ஒரு வரி வந்து விழுந்தது.

பெரிய மாமா போன் செய்தார். எனக்கில்லை, என் கணவருக்கு. பக்கத்து அறையில் நின்ற எனக்கே கேட்டது.

"மொட்ட எடுக்காத புள்ளைய சுடுகாட்டுல உட்டு வெளையாட்டுக் காட்டறாளாடா உம் பொண்டாட்டி?"

என் கணவர் முதலில் சிரித்துத்தான் பேச ஆரம்பித்தார். பேசப்பேசச் சிரிப்பு நின்றது. போனை வைத்துவிட்டு, இனிமேல் அந்தப் பக்கம் போகவேண்டாம் என்றார். நான் போகவில்லை. எனக்கு அவர்களைவிட அதிக பயம். அவள் தூக்கத்தில் சிணுங்கினால் அதனால்தானோ, முழங்காலில் சிவந்திருந்தால் அதனால்தானோ என்று தேடித்தேடிப் பார்த்தேன். இங்கே ஊரில் அத்தை சாமிக்குக் காசு முடிந்துவைத்துத் திருநீறு போட்டுக்கொண்டார். அங்கே குழந்தை மறுபடி வாயை மூடிக்கொண்டாள். தராசின் முள் மறுபடி ஆடியது.

ஒரு வாரம் ஆகியிருக்கும். ஒரு மதியம் அவள் தன் செருப்பைத் தானே எடுத்துக்கொண்டு கதவின் முன்னால் போய் நின்றாள். கதவைத் திறக்கச் சொல்லி அழவில்லை. திரும்பி என்னைப் பார்த்தாள், அவ்வளவுதான். நான் கூழைக் கிண்ணத்தில் ஊற்றி மூடினேன். கிளம்பினோம்.

இந்த முறை தெரிந்துதான் போனேன். இதைத்தான் நான் சொல்ல வந்தேன். மதிலுக்குள் போனதும் நின்று கற்களைப் படித்தேன். கீழே இருந்த வருடத்திலிருந்து மேலே இருந்த வருடத்தைக் கழித்துப் பார்த்தேன். பெரும்பாலும் நிறைய வாழ்ந்து போனவர்கள். அவர்களைப் பார்க்க வாரம் தவறாமல் யாரோ வருகிறார்கள், காய்ந்த பூவைக் கிள்ளிப் போடுகிறார்கள், மண்ணைக் கிளறுகிறார்கள். இவர்களா என் பிள்ளையைப் பிடித்துக்கொள்ளப் போகிறார்கள் என்று கேட்டுக்கொண்டேன். பயம் போய்விடவில்லை. பயத்தோடுதான் அவளை இறக்கிவிட்டேன்.

கொஞ்ச நேரத்தில் மழை வந்தது. ஒதுங்க வேறு இடமில்லை. சர்ச்சின் கதவைத் தள்ளினேன், திறந்தது. பழக்கதோஷத்தில் செருப்பை வாசலிலேயே கழற்றினேன், குழந்தையுடையதையும். தரை காலில் சுரீர் என்றது. உள்ளே ஆளில்லை. இருபது முப்பது பேர் உட்காரலாம். மர பெஞ்சுகள், மெழுகு வாசம், பக்கச் சுவரில் மரத்தில் செதுக்கிய மாதா, மடியில் குழந்தை. அந்தக் குழந்தை கொழுகொழுவென்று இருந்தது. தொடையில் மடிப்பு விழுந்திருந்தது. அந்த அம்மாளிடம் எடை குறைவு என்று எந்த டாக்டரும் சொல்லியிருக்க மாட்டார் என்று நினைத்தேன். கோபமாகக்கூட இருந்தது.

பெஞ்சுகளுக்கு நடுவே என் சால்வையை விரித்துத் தரையில் உட்கார்ந்தேன். மழை ஓட்டின் மேல் பெய்தது. குழந்தை கூரையைப் பார்த்தாள், ஜன்னலைப் பார்த்தாள், வாயைத் திறந்தாள். நான் ஊட்டினேன். கிண்ணம் காலியானது. காலிக் கிண்ணத்தை நான் மறுபடி மறுபடி வழித்துப் பார்த்தேன்.

அப்போது பூ மாற்றுவதற்காக ஒரு பெண் உள்ளே வந்தாள். என்னைவிடக் கொஞ்சம் வயது கூட இருக்கும். தரையில் உட்கார்ந்திருந்த என்னையும், கூழ் வழிந்த குழந்தையின் முகத்தையும் பார்த்தாள். எழுந்து மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். அவள் ஒரு மூலைக்குப் போய், முழங்காலிட வைத்திருக்கும் மெத்தையொன்றை எடுத்துவந்து என் பக்கத்தில் வைத்துவிட்டுத் தன் வேலையைப் பார்க்கப் போனாள். ஏதோ சொன்னாள், எனக்குப் புரியவில்லை. நான் தமிழிலேயே "பரவாயில்லைங்க" என்றேன். அதற்கும் தலையாட்டினாள். மறுநாள் நாங்கள் போனபோது அந்த மெத்தை அதே இடத்தில் கிடந்தது.

வேண்டிக்கொண்டாயா என்று பிற்பாடு ஊரில் கேட்டார்கள். இல்லை. அங்கே யாரும் என்னை ஒன்றும் கேட்கவில்லை. குழந்தையைப் பிடிக்கிற விதம் சரியில்லை என்று சொல்ல ஆளில்லை. கன்னத்தைப் பார்த்து உதட்டைப் பிதுக்க ஆளில்லை. அவள் பிறந்த பிறகு முதல்முறையாக, யாரும் பார்க்காத இடத்தில் நான் என் பிள்ளைக்குச் சோறு ஊட்டினேன். பார்க்காததால் கை நடுங்கவில்லை. கை நடுங்காததால் அவள் சாப்பிட்டாளா, அது எனக்குத் தெரியாது. திரும்பி வரும் நாள் வரை முடிந்த மதியமெல்லாம் போனோம். கணவரிடம் சொன்னேன். அவர் நெற்றியைத் தேய்த்துக்கொண்டு, வீட்டில் மட்டும் சொல்லிக்கொள்ளாதே என்றார். தராசு ஒரு சாயந்தரம் அசையாமல் நின்று, கூடுதலாகவே காட்டியது.

ஊருக்கு வந்ததும் மொட்டைக்கு நாள் குறித்தார்கள். அதோடு இந்தப் பேச்சும் வந்தது. பெரிய மாமா வீட்டுக்கு வந்து நாற்காலியில் உட்கார்ந்து என்னைக் கூப்பிட்டார். ஞானஸ்நானம் கொடுத்துவிட்டார்களோ என்ற சந்தேகத்தில், தலையில் தண்ணீர் தெளித்தார்களா, நெற்றியில் எண்ணெய் தடவினார்களா என்று விசாரித்தார். இல்லைங்க மாமா என்றேன். சர்ச்சுக்குள்ளே போனாயா என்றபோது நான் பதில் சொல்வதற்குள் என் கணவர், மழைக்கு வாசலில் ஒதுங்கியிருப்பார்கள் பெரியப்பா என்று முடித்துவிட்டார்.

பெரிய மாமா கெட்டவரில்லை. எனக்கு வலி வந்த அன்று என் கணவர் ஓசூரிலிருந்து வந்து சேரும் வரை தருமபுரி ஆஸ்பத்திரி வாசலில் நின்றவர் அவர்தான். கிறிஸ்துமஸுக்குக் கீழ்த்தெரு வாத்தியார் வீட்டிலிருந்து வரும் கேக்கை முதல் துண்டு எடுத்துத் தின்பவரும் அவர்தான். அவர் எழுத்து அழகாக இருப்பதற்கு மிஷன் பள்ளிக்கூடத்தில் படித்ததுதான் காரணம் என்று அவரே பெருமையாகச் சொல்லிக்கொள்வார். அன்று அவர் குரலை உயர்த்தவில்லை.

"தெரியாம செஞ்சதுக்குச் சாமி கோவிச்சுக்காது கண்ணு. எல்லாரும் இருக்கச்சே வுழுந்து ஒரு வார்த்த சொல்லிடு. அதோட போச்சு."

எனக்காக அவர் கண்டுபிடித்த வழி அது. அன்பாகத்தான் திறந்து வைத்தார். அதுதான் என்னை அதிகமாக உறுத்தியது.

அந்த வாக்கியத்தைப் பழகிப் பார்த்தேன். பாத்திரம் தேய்க்கும்போது, துணி காயப்போடும்போது. "தெரியாமல்" என்ற இடத்தில் நாக்கு நின்றுவிடும். முதல் நாள் தெரியாது, சரி. மற்ற நாட்கள்? தெரியாது என்று சொன்னால் அந்த மதியங்களெல்லாம் என்னவாகும்? குழந்தை சாப்பிட்டது தப்பு, நான் நிம்மதியாக உட்கார்ந்தது தப்பு என்றாகும். அதுவும் யாரிடம்? எல்லாம் தெரிந்தவள் என்று நாங்கள் கும்பிடுகிற குலசாமியிடம். அவளுக்குப் பயப்படுகிறவர்கள் அவள் முகத்துக்கு நேராக என்னைப் பொய் சொல்லச் சொல்கிறார்கள். இது எனக்கு மட்டும்தான் விநோதமாகப் பட்டது. அந்த வாரம் பார்த்துக் குழந்தைக்கு இருமல் வந்தது. இதோ, என்றார் அத்தை. என் அம்மா போனில், சொல்லித் தொலைத்துவிட்டு வாயேன்டி என்றாள். நானும் ஒருவேளை சொல்லிவிடுவேன் என்றுதான் கோவிலுக்குக் கிளம்பும் வரை நினைத்திருந்தேன்.

கோவிலில் பங்காளிகள் எல்லாரும் வந்திருந்தார்கள். புளியமரத்தடியில் சமையல் நடந்தது. மொட்டை எடுக்கிறவர் பெட்டியைத் திறந்து வைத்து உட்கார்ந்திருந்தார். என் தம்பி புதுவேட்டியோடு மணையில் உட்காரத் தயாராக நின்றான். பெரிய மாமா, முதலில் பூக் கட்டிப் பார்த்துவிடுவோம் என்றார். அது எங்கள் பக்கத்து முறை. வெள்ளைப் பூ ஒன்றையும் சிவப்புப் பூ ஒன்றையும் தனித்தனியாக இலையில் மடித்துச் சாமி முன்னால் வைப்பார்கள். ஒரு குழந்தையை விட்டு எடுக்கச் சொல்வார்கள். வெள்ளை வந்தால் குறையில்லை. சிவப்பு வந்தால் குறை இருக்கிறது. இரண்டில் ஒன்று, பாதிக்குப் பாதி, வேறெதுவும் இல்லை என்று படித்த புத்தி சொல்லியது. ஆனாலும் எந்த இலையில் வெள்ளை இருக்கிறது என்று கண்ணால் துழாவினேன்.

பூசாரி, பாப்பாவையே எடுக்கச் சொல்லுங்கள் என்றார். அவளை இறக்கிவிட்டேன். அவள் இரண்டு பொட்டலத்தையும் பார்த்தாள், ஒன்றை எடுத்தாள். பூசாரி கையை நீட்டினார். கொடுக்கவில்லை. தானே பிய்த்தாள். உள்ளே செவ்வரளி. கூட்டத்திலிருந்து ஒரு சத்தம் எழுந்தது. அவர்கள் எல்லாரும் நிறத்தைப் பார்த்தார்கள். நான் அவள் வாயைப் பார்த்தேன். அரளி விஷம். அவள் அதை நேராக வாய்க்குக் கொண்டுபோனாள். பாய்ந்து போய்ப் பிடுங்கினேன். அவள் வீறிட்டு அழுதாள். இப்படியாக, குறை இருக்கிறது என்று சொன்ன பூவைக் கையில் வைத்துக்கொண்டு எல்லாருக்கும் நடுவில் நான் நின்றேன்.

"பாத்தியா கண்ணு, சாமியே சொல்லிருச்சு," என்றார் பெரிய மாமா. "வுழுந்து கும்புட்டு, தெரியாம செஞ்சுட்டேன்னு சொல்லிடு. வெயிலு ஏறுது."

"தெரியாம செய்யலைங்க மாமா," என்றேன்.

குரல் எனக்கே சின்னதாகக் கேட்டது. அதனால் மறுபடி சொன்னேன்.

"மொத நாளுதான் எனக்குத் தெரியாதுங்க. அப்பறம் தெரிஞ்சேதான் போனேன். நாங்க கெளம்பற வரைக்கும் போனேன். சர்ச்சுக்கு உள்ளயும் போனேன். பாப்பா அங்கதாங்க சோறு தின்னுச்சு."

என் கணவர் என் முழங்கையைப் பிடித்தார். பின்னாலிருந்து ஒரு பெண் குரல், அடக்கமாகப் பேசுகிறதைப் பார் என்றது. பெரிய மாமா துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். அவர் முட்டாள் இல்லை.

"சரி. அப்ப தெரிஞ்சே செஞ்ச தப்புன்னு சொல்லு."

"தப்புன்னா சொல்லிருவேங்க. தப்பில்லீங்களே."

அவர் துண்டை உதறித் தோளில் போட்டார். செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டு நடந்தார். அவர் மகன்கள் போனார்கள், மருமகள்கள் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு போனார்கள். அவர்களைப் பார்த்து இன்னும் சில வீட்டார் போனார்கள். வண்டிகள் கிளம்பும் சத்தம் அடங்கும் வரை நாங்கள் அப்படியே நின்றோம்.

மொட்டை எடுக்கிறவர் தண்ணீர்ச் சொம்போடு எழுந்து நின்றார். "எடுக்கட்டுங்களா?" என்று ஆண்கள் நின்ற பக்கம் பார்த்துக் கேட்டார். என் கணவர் அத்தையைப் பார்த்தார். அத்தை வண்டிகள் போன திசையைப் பார்த்துக்கொண்டு முதுகைக் காட்டி நின்றார். பூசாரி எண்ணெய் இருக்கும் விளக்கிலேயே எண்ணெய் ஊற்றிக்கொண்டிருந்தார். அந்தக் கேள்விக்கு எங்கள் வீடுகளில் பெண்கள் பதில் சொன்னதில்லை.

"எடுங்க," என்றேன்.

சொம்பை வாங்கி முதல் தண்ணீரையும் நானே தெளித்தேன். என் தம்பி மணையில் உட்கார்ந்தான், முகம் காது வரை சிவந்திருந்தது. ஆனாலும் குழந்தையை இறுக்கிப் பிடித்துக்கொண்டான். இருமலும் அழுகையுமாக அவள் குலுங்கியபோதெல்லாம் கத்தி பட்டுவிடுமோ என்று எனக்கு உயிர் போய் வந்தது. இரண்டரை வருட முடி மஞ்சள் துணியில் விழுந்தது. சந்தனம் பூசி அவளைத் தூக்கிக்கொண்டு குலசாமி முன்னால் போனேன். விழுந்து கும்பிட்டேன். வழக்கமாக விழுவதுபோலத்தான். மன்னிப்புக் கேட்கவில்லை. எங்கே போனோம், என்ன சாப்பிட்டாள், எவ்வளவு மழை பெய்தது என்று மனதுக்குள் சொன்னேன். சாமிக்கும் தெரியட்டும் என்றுதான்.

சமைத்ததில் பாதி மீந்துபோனது. அண்டாவோடு வீட்டுக்குக் கொண்டுவந்து தெருவில் கொடுத்தோம். வீட்டுக்கு வந்து அத்தை குழந்தையின் தலைக்கு மறுபடி சந்தனம் குழைத்தார். என் பக்கம் திரும்பாமலே பேசினார்.

"ஒரு பொய்தான. நாங்கெல்லாம் சொல்லாததா? நான் இந்த வூட்டுக்கு வந்து எத்தன சொல்லியிருப்பேன் தெரியுமா உனக்கு?"

அது திட்டா, வேறெதுவுமா என்று எனக்கு இன்னமும் பிடிபடவில்லை. இரவில் அதை நினைத்து நினைத்துப் புரள்கிறேன். ஒரு வார்த்தையில் முடிந்திருக்குமே, இந்த வயதில் பெரிய மாமாவைப் பங்காளிகள் முன்னால் தலைகுனிய வைத்தேனே, என் பிடிவாதத்துக்கு நாளை என் பிள்ளை தனித்து நிற்பாளே என்றெல்லாம் தோன்றும். தோன்றத்தான் செய்கிறது. அந்த யோசனையெல்லாம் போய் முட்டுகிற இடத்தில் ஒரு காலிக் கிண்ணம் இருக்கிறது. அதைத் தாண்டி என்னால் போக முடிவதில்லை.

பெரிய மாமா வீட்டில் இப்போது எங்களோடு பேச்சில்லை. தெருவில் எதிரே வந்தால் குழந்தையைப் பார்க்கிறார், என்னைப் பார்ப்பதில்லை. ஆடியில் குலசாமிக்குப் பொங்கல் வைக்கும்போது பங்காளி வீடுகளின் பானைகள் வரிசையாக இருக்கும். எந்த வீட்டுக்கு எந்த இடம் என்பதும் பழையதுதான். இந்த வருடம் எங்களுக்கு இடம் விடமாட்டார்கள் என்று பேசிக்கொள்கிறார்கள். இன்னும் ஒருமுறை யோசி, ஒரு வார்த்தைதானே என்கிறார் என் கணவர். யோசித்துவிட்டேன். நான் போகத்தான் போகிறேன். இடம் விட்டால் வரிசையில் வைப்பேன். விடாவிட்டால் வரிசை முடிகிற இடத்தில் மூன்று கல்லைக் கூட்டி வைப்பேன். அவர்களுக்கு எந்தச் சாமியோ எனக்கும் அதே சாமிதான். காற்று அந்தப் பக்கம் அடித்தால் புகை குழந்தை மேல் வரும். என் கவலை இப்போதைக்கு அதுதான்.